ஆங்கில அடுக்கும் தமிழ்த் தொழிற்பெயரும்

முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் ஓர் ஆய்வறிக்கை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆற்று நீரை எடுத்துச் சோதித்துப் பார்த்த சிறிய அறிக்கைதான். இரண்டு வாரம் கழித்து அது திரும்பி வந்தபோது, முதல் வாக்கியத்தின் கீழேயே சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் ஒரே ஒரு சொல்: 'பேரலல்?'

நான் எழுதியிருந்த வாக்கியம் இது:

'த ப்ராஜெக்ட் இன்வால்வ்ட் த கலெக்ஷன் ஆஃப் வாட்டர் சாம்பிள்ஸ், டெஸ்டிங் தெம் அண்ட் அனாலிசிஸ்.'

இதில் என்ன பிழை என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்துப்பிழை இல்லை. காலம் சரியாக இருந்தது. பக்கத்திலிருந்த நண்பன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "தமிழ்ப்பள்ளியில படிச்சா இப்படித்தான்டா" என்றான். அவனும் தமிழன்தான்; தேசியப் பள்ளியில் படித்தவன். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால், அந்தச் சொல் சிவப்புக் கோட்டைவிட ஆழமாகப் பதிந்தது.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளி. 2021-ஆம் ஆண்டு நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதிய கடைசித் தலைமுறைகளில் நானும் ஒருவன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. என் ஆங்கிலம் தடுமாறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால், அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தப் போராடியபோது எனக்குக் கைகொடுத்தது, தமிழ்ப்பள்ளியில் படித்த தொழிற்பெயர்ப் பாடம்தான். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிழை கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் காதுக்குத் தெரியும்.

இணை அமைப்பு என்றால் என்ன?

ஒரு வாக்கியத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அடுக்கிச் சொல்லும்போது, அவை யாவும் ஒரே இலக்கண வடிவில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதனைப் பேரலல் ஸ்ட்ரக்சர் என்பர். நாம் இணை அமைப்பு என்போம். 'அண்ட்', 'ஆர்', 'தேன்', 'நாட் ஒன்லி... பட் ஆல்சோ' போன்ற சொற்கள் வரும் இடங்களில்தான் இந்த விதி வேலை செய்யும்.

இது நமக்குப் புதிதன்று. 'அம்மாவும் அப்பாவும் தாத்தாவும் வந்தார்கள்' என்கிறோம். 'அம்மாவும் அப்பாவும் தாத்தா வந்தார்கள்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. உம் போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும், இது எண்ணும்மை. விட்டால் எல்லாவற்றிலும் விட வேண்டும். 'அம்மா, அப்பா, தாத்தா' என்பது செவ்வெண். பெயரைச் சொல்லாவிட்டாலும் வழக்கம் நம் நாக்கில் இருக்கிறது.

திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தின் 385-ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது, வந்ததைச் சேர்ப்பது, சேர்த்ததைக் காப்பது, காத்ததைப் பகிர்ந்து செலவிடுவது என நான்கு செயல்களை அது அரசுக்குச் சொல்கிறது. நான்குமே தொழிற்பெயர்கள். நான்கிலும் உம். நான்காவது மட்டும் தன் செயப்படுபொருளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அது கடைசியில் நிற்கிறது. இணை அமைப்புக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இரண்டு வகைப் பெயர்கள்

சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஒரு செயலைக் குறிக்க ஆங்கிலத்தில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வினையோடு 'இங்' சேர்த்து ஜெரண்ட் ஆக்குவது: கலெக்டிங், அனலைசிங், டிஸ்கஸிங். மற்றொன்று, அதே வினையிலிருந்து பிறந்த தனிப்பெயர், அதாவது நவுன்: கலெக்ஷன், அனாலிசிஸ், டிஸ்கஷன். இரண்டும் பெயர் வேலைதான் செய்கின்றன. ஆகவே இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறோம். நான் செய்ததும் அதுவே.

தமிழிலும் இந்த இரட்டை உண்டு. சேகரித்தல் – சேகரிப்பு. வாசித்தல் – வாசிப்பு. பேசுதல் – பேச்சு. எழுதுதல் – எழுத்து. நீந்துதல் – நீச்சல். வருதல் – வருகை. இலக்கண நூல்கள் இவை எல்லாவற்றையும் தொழிற்பெயர் என்றே அடக்கும். தல், அல் மட்டுமல்ல. கை, பு, வி, மை போன்றவையும் தொழிற்பெயர் விகுதிகள்தாம். ஆனால், பழக்கத்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. 'வாசித்தல்' என்பதில் வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. 'வாசிப்பு' என்பது முழுப் பெயராகிவிட்டது. ஜெரண்டுக்கும் நவுனுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுதான்.

நாம் இடைநிலைப்பள்ளியில் படித்த மலாய் மொழியையும் நினைத்துப் பாருங்கள். 'மெனுலிஸ்' என்பது எழுதும் செயல். 'துலிசான்' என்பது எழுதப்பட்டது, எழுத்து. 'பெனுலிசான்' என்பது எழுதும் பணிக்குப் பெயர். மலாய் மொழி இதை முன்னொட்டாலும் பின்னொட்டாலும் பிரித்துக் காட்டுகிறது. தமிழ் விகுதியால் காட்டுகிறது. ஆங்கிலமோ பல இடங்களில் ஒரே 'இங்' வடிவத்தையே இரண்டுக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. 'பில்டிங்' என்றால் கட்டுதலா, கட்டடமா? 'சேவிங்' என்றால் சேமித்தலா, சேமிப்பா? தமிழில் சொல்லிப் பார்த்தால் உடனே விளங்கிவிடும். பன்மையாக்கியும் பார்க்கலாம். 'பில்டிங்ஸ்' என்று வந்தால் அது நவுன், கட்டடங்கள். ஜெரண்டுக்குப் பன்மை கிடையாது.

நான்கு சோதனைகள்

எது ஜெரண்ட், எது நவுன் என்று தடுமாறும்போது நான் செய்து பார்க்கும் நான்கு சோதனைகளைத் தருகிறேன்.

1. ஐ வருமா, இன் வருமா?
'நாவலை வாசித்தல்' சரி. 'நாவலை வாசிப்பு' தவறு. 'நாவலின் வாசிப்பு' அல்லது 'நாவல் வாசிப்பு' என்றுதான் வரும். வினை உயிரோடு இருக்கும் சொல் இரண்டாம் வேற்றுமை ஐ-யைத் தாங்கும். முழுப் பெயர் தாங்காது. ஆங்கிலத்தில் இந்த 'இன்' இருக்கும் இடத்தில் 'ஆஃப்' நிற்கும். 'டிஸ்கஸிங் த ப்ராப்ளம்', ஆனால் 'த டிஸ்கஷன் ஆஃப் த ப்ராப்ளம்'. 'டிஸ்கஷன் த ப்ராப்ளம்' என்பது 'சிக்கலைக் கலந்துரையாடல் கூட்டம்' என்பதுபோல் ஒட்டாமல் நிற்கும்.

2. ஆக வருமா, ஆன வருமா?
'வேகமாக வாசித்தல்', ஆனால் 'வேகமான வாசிப்பு'. முதலாவது வினையடை, இரண்டாவது பெயரடை. ஆங்கிலத்திலும் 'ரீடிங் குவிக்லி' என்றால் ஜெரண்ட். 'குவிக் ரீடிங்' என்றால் அந்த 'ரீடிங்' நவுனாகிவிட்டது.

3. எதிர்மறை எப்படி வரும்?
வருதல் என்பதன் எதிர்மறை வராமை. இது எதிர்மறைத் தொழிற்பெயர். வருகை என்பதற்கோ வருகையின்மை என்று தனிச்சொல் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதுபோலவே 'நாட் அட்டெண்டிங்' என்று ஜெரண்டின் முன் 'நாட்' போடலாம். 'நாட் அட்டெண்டென்ஸ்' என்று நவுனின் முன் போட முடியாது. 'ஆப்சென்ஸ்' என்று வேறு சொல் தேட வேண்டும்.

4. முன்னால் 'த', பின்னால் 'ஆஃப்' இருக்கிறதா?
'டெஸ்டிங் த வாட்டர்' என்பதில் 'டெஸ்டிங்' ஜெரண்ட், நீரைச் சோதித்தல். 'த டெஸ்டிங் ஆஃப் த வாட்டர்' என்பதில் அதே சொல் நவுன், நீரின் சோதனை. இந்த நான்காவது சோதனைதான் என் சிவப்புக் கோட்டுக்கு விடை தந்தது.

சிவப்புக் கோட்டைத் திருத்துவோம்

என் வாக்கியத்தைத் தமிழாக்கிப் பாருங்கள்: 'இத்திட்டம் நீர் மாதிரிகளின் சேகரிப்பு, அவற்றைச் சோதித்தல், பகுப்பாய்வு ஆகியவற்றை உள்ளடக்கியது.' முதலில் இன், பிறகு ஐ, பிறகு ஒன்றுமே இல்லை. தமிழில் எழுதியிருந்தால் நானே அடித்துத் திருத்தியிருப்பேன்!

திருத்த இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, எல்லாவற்றையும் ஜெரண்ட் ஆக்குவது: 'கலெக்டிங், டெஸ்டிங் அண்ட் அனலைசிங் வாட்டர் சாம்பிள்ஸ்'. நீர் மாதிரிகளைச் சேகரித்தல், சோதித்தல், பகுப்பாய்வு செய்தல். ஒரே ஐ மூன்றுக்கும் பொதுவாக நிற்கிறது.

இரண்டாம் வழி, எல்லாவற்றையும் நவுன் ஆக்குவது: 'த கலெக்ஷன், டெஸ்டிங் அண்ட் அனாலிசிஸ் ஆஃப் வாட்டர் சாம்பிள்ஸ்'. நீர் மாதிரிகளின் சேகரிப்பு, சோதனை, பகுப்பாய்வு. இங்கே 'டெஸ்டிங்' இருக்கிறதே, அது இங் ஆயிற்றே என்று கேட்பீர்கள். முன்னால் 'த', பின்னால் 'ஆஃப்' இருப்பதால் அது இங்கே நவுன். வரிசை கெடவில்லை. இங் என்ற ஒலியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பது இதனால் விளங்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டும் சரி என்றால் எதை எழுதுவது? நான் கைக்கொள்ளும் வழி இது.

அடுக்கில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செயப்படுபொருள் இருந்தால் ஜெரண்ட் நல்லது. வேலை விண்ணப்பங்களில் நம்மில் பலர் இப்படி எழுதுகிறோம்: 'ஐ வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் த மேனேஜ்மென்ட் ஆஃப் ஃபண்ட்ஸ், ஆர்கனைசிங் கேம்ப்ஸ் அண்ட் டு ரைட் ரிப்போர்ட்ஸ்.' ஒரே வரியில் மூன்று வடிவங்கள். இதில் 'டு ரைட்' என்பது இரட்டைப் பிழை. 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்பதில் வரும் 'ஃபார்' முன்னிடைச்சொல்லாதலால், அதன் பின்னால் பெயர்தான் வர வேண்டும். 'மேனேஜிங் ஃபண்ட்ஸ், ஆர்கனைசிங் கேம்ப்ஸ் அண்ட் ரைட்டிங் ரிப்போர்ட்ஸ்' என்று எழுதினால் நிதி, முகாம், அறிக்கை மூன்றும் தத்தம் வினையோடு ஒட்டிக்கொள்ளும். நவுனில் எழுதினால் மூன்று 'ஆஃப்' வரும். படிக்கும்போது மூச்சு வாங்கும்.

தலைப்பு, துணைத்தலைப்பு, பொருளடக்கம் ஆகிய இடங்களில் நவுன் பொருந்தும். அங்கே நாம் செயலைச் செய்து காட்டவில்லை, பெயர் சூட்டுகிறோம். 'கலெக்ஷன் அண்ட் அனாலிசிஸ்' என்று ஓர் அத்தியாயத்துக்குப் பெயர் வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் பொருத்தமான நவுன் கிடைக்கவில்லையென்றால், வலிந்து உருவாக்காமல் ஜெரண்டுக்குப் போய்விடுவது நல்லது. நவுன் கிடைத்தாலும் பொருள் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். 'மூவிங்' என்றால் நகர்தல். 'மூவ்மென்ட்' என்றால் நகர்வும் ஆகலாம். ஒரு சமுதாய இயக்கமும் ஆகலாம். வரிசை அழகுக்காகப் பொருளை விட்டுவிடக் கூடாது.

கேட்டலும் கேள்வியும்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. மொழித்திறன்களை எப்படிப் படித்தோம்? கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து. ஆறாண்டுகள் பார்த்த சொற்கள். ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. மூன்று முழுப் பெயர்கள்; ஒன்று மட்டும் தல்-வகை. பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று வரும்போது முதலாவது மட்டும் ஏன் கேட்டல்?

காரணம் இருக்கிறது. கேள் என்னும் வினையிலிருந்து பிறந்த முழுப்பெயர் கேள்வி. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்து 42-ஆம் அதிகாரமாகக் கேள்வி வருகிறது. அங்கே அதன் பொருள், அறிந்தோர் சொல்வதைக் காதால் கேட்டுப் பெறும் அறிவு. இன்றோ கேள்வி என்றால் வினா. தேர்வுத்தாளில் கேள்விதான் நம்மைக் கேட்கிறது. நாம் அதைக் கேட்பதில்லை. 'கேள்வி, பேச்சு, வாசிப்பு, எழுத்து' என்று எழுதினால் வரிசை நேராகும், பொருள் கோணலாகும். ஆகவே கேட்டல் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வரிசையை முழுதும் நேராக்க வேண்டுமானால், கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கையும் தல்-வகைக்குக் கொண்டுவரலாம்.

ஆங்கிலம் அதைத்தான் செய்கிறது. 1999-இல் தொடங்கிய மூயெட் தேர்வின் நான்கு தாள்களை நினைவுபடுத்திப் பாருங்கள்: லிசனிங், ஸ்பீக்கிங், ரீடிங், ரைட்டிங். நான்கும் இங். 'ஸ்பீக்கிங்' என்பதற்குப் பதிலாக 'ஸ்பீச்' என்று போட்டிருந்தால், மேடையேறிச் சொற்பொழிவாற்றச் சொல்கிறார்களோ என்று நாம் பயந்திருப்போம். பொருள் மாறாமல் நவுனில் நேராக்க முடியாத வரிசையை ஜெரண்டால் நேராக்கிவிட்டார்கள்.

விதிவிலக்கு

இதைப் படித்துவிட்டு, நவுனும் ஜெரண்டும் ஒரே வரிசையில் வரவே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'ஐ லைக் மியூசிக், செஸ் அண்ட் ஸ்விம்மிங்' என்பது நல்ல வாக்கியம். மியூசிக், செஸ் என்பவை வினையிலிருந்து செயலின் பெயராகப் பிறந்தவை அல்ல. அவற்றுக்கு இணையாக வைக்கப் பழகிய ஜெரண்ட் வடிவம் இல்லை. 'ஸ்விம்மிங்' செயப்படுபொருள் எதையும் சுமக்காமல் தனியாக நிற்கிறது. 'இசை, சதுரங்கம், நீச்சல்' என்று தமிழில் சொல்வதுபோலத்தான் இதுவும். கலெக்டிங் என்பதன் பக்கத்திலேயே கலெக்ஷன் தயாராக இருக்கும்போது ஒன்றை விட்டு ஒன்றை மாற்றி மாற்றிப் போடுவதுதான் பிழை.

ஜெரண்ட் தன் செயப்படுபொருளோடு நீளமாக வந்தால் அதைக் கடைசியில் வைக்கலாம்: 'மியூசிக், செஸ் அண்ட் ரீடிங் டிடெக்டிவ் நாவல்ஸ்'. 385-ஆம் குறளில் நான்காவது செயல் நின்ற இடமும் கடைசிதானே.

ஆனால் 'மியூசிக், செஸ் அண்ட் டு ஸ்விம்' என்பதை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. 'இசை, சதுரங்கம், நீந்த பிடிக்கும்' என்று காதில் விழுகிறதா?

பயிற்சி

கீழ்வரும் வாக்கியங்களைத் திருத்துங்கள். திருத்தத் தேவையில்லாத ஒன்றும் இதில் உண்டு.

1. ஷீ இஸ் குட் அட் டான்சிங், சிங்கிங் அண்ட் டு ட்ரா.
2. த கமிட்டி டிஸ்கஸ்ட் த எலெக்ஷன் ஆஃப் எ செக்ரட்டரி அண்ட் ப்ரின்டிங் த மேகசின்.
3. ஐ லைக் ஃபுட்பால், தமிழ் ஃபிலிம்ஸ் அண்ட் குக்கிங்.
4. ரீடிங் த நோட்ஸ் எவ்ரி டே இஸ் பெட்டர் தேன் டு மெமரைஸ் தெம் இன் ஒன் நைட்.

விடைகள்:

1. 'டு ட்ரா' என்பதை 'ட்ராயிங்' ஆக்க வேண்டும். 'அட்' என்பதன் பின்னால் மூன்றும் பெயராக வர வேண்டும்.
2. 'எலெக்டிங் எ செக்ரட்டரி அண்ட் ப்ரின்டிங் த மேகசின்' என்று எழுதலாம். அல்லது 'த எலெக்ஷன் ஆஃப் எ செக்ரட்டரி அண்ட் த ப்ரின்டிங் ஆஃப் த மேகசின்' என்று எழுதலாம். முதலாவது எளியது.
3. திருத்தம் தேவையில்லை.
4. 'டு மெமரைஸ்' என்பதை 'மெமரைசிங்' ஆக்க வேண்டும். 'தேன்' என்பதும் ஒரு தராசுதான். இரண்டு தட்டிலும் ஒரே வகைச் சரக்கு இருக்க வேண்டும்.

முடிவாக

சென்ற விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா கேட்டார். "தம்பி, பையன அடுத்த வருசம் ஒன்னாம் ஆண்டுல போடணும். தமிழ்ப்பள்ளியில போட்டா இங்கிலீஷ் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ படிச்ச புள்ள, நீ சொல்லு."

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்ததாலேயே எனக்கு ஆங்கிலம் வந்துவிடவில்லை. இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில் ஆங்கிலப் பாடவேளை வந்தாலே தலையைக் குனிந்துகொள்வேன். நூலகத்தில் உட்கார்ந்து தனியாகப் படித்ததற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. அதை அக்காவிடம் சொன்னேன்.

பிறகு இதையும் சொன்னேன். ஐந்தாம் ஆண்டில் எங்கள் ஆசிரியை கரும்பலகையில் படித்தல், படிப்பு, படியாமை என்று எழுதிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். அன்று அது எதற்கென்று எனக்குத் தெரியாது. பத்தாண்டுகள் கழித்து, ஓர் ஆங்கில அறிக்கையின் சிவப்புக் கோட்டைத் திருத்த அந்தக் கரும்பலகைதான் என் கண்முன் வந்தது. ஒரு மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகக் கற்றவனிடம் அடுத்த மொழியை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துவது அவன் பொறுப்பு.

அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவரும் மாமாவும் எடுக்க வேண்டிய முடிவு.

நண்பர்களே, அடுத்த முறை உங்கள் இடுபணி சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தால் கூசிப் போகாதீர்கள். அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எங்கே ஐ வருகிறது, எங்கே இன் வருகிறது என்று பாருங்கள். கலந்து வந்தால் வரிசை கோணல். ஒன்றுபோல் வந்தால் வரிசை நேர். நமக்குத் தெரிந்த மொழியைக் கொண்டே தெரியாததைக் கற்போம்.